திருச்சி–யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டரும் ஒரு முழுப் பகலும்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து யாழ்ப்பாண நகரத்தில் இருக்கும் நண்பர் வீட்டு வாசல் வரை வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 157 கிலோமீட்டர் வரும். அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கும் என் அம்மாவுக்கும் ஏழேகால் மணி நேரம் ஆயிற்று. மணிக்கு 22 கிலோமீட்டருக்கும் குறைவான வேகம் அது. மிதிவண்டியைச் சற்று அழுத்தி மிதிப்பவர் போகும் வேகம். இத்தனைக்கும் நாங்கள் போனது விமானத்தில். பயணச்சீட்டில் ஒரு மணி நேரம் என்றுதான் அச்சிட்டிருந்தது, விமானமும் அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடிப் பார்த்து, கிடைத்த விடையை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். அந்த விடைகள் பொய்யல்ல. ஆனால் அவை வேறொரு கேள்விக்கான விடைகள் என்பதைத் திருச்சிக்கும், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் இடையே இரண்டு முறை போய்வந்த பிறகுதான் புரிந்துகொண்டேன். முதல் முறை அம்மாவை நல்லூர்த் திருவிழாவுக்கு அழைத்துப் போனேன். இரண்டாம் முறை நண்பரின் தங்கை திருமணத்துக்காக ஐப்பசி மழையில் தனியாகப் போனேன். முதல் பயணம் கணக்கைக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவது பயணம் அந்தக் கணக்கில் நான் விட்ட பிழைக்குக் காசு வாங்கிக்கொண்டது.

முதலில் தூரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் தேடியபோது ஓரிடத்தில் 184 கிலோமீட்டர் என்றும் இன்னோரிடத்தில் 190 என்றும் இருந்தது. எது சரி என்று தெரிந்துகொள்ளக் காகிதத்தில் நானே போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கணக்கு போதும். திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 10.77 பாகை வடக்கு, 78.71 பாகை கிழக்கில் இருக்கிறது. பலாலி 9.79 வடக்கு, 80.07 கிழக்கு. வடக்கு தெற்காக வித்தியாசம் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு, கிழக்கு மேற்காக 1.36 பாகை. ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். நம் அட்சரேகையில் கிழக்கு மேற்குப் பாகை மட்டும் ஒன்றரை சதவீதம் அளவுக்குச் சுருங்கும். அப்படியானால் தெற்கே 108 கிலோமீட்டர், கிழக்கே 149 கிலோமீட்டர். இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் கர்ணத்தைக் கண்டால் 184 வந்துவிடுகிறது. விமானிகள் பேசும் கடல் மைலில் சொன்னால் 99. அந்த 190, நகரத்தின் நடுவிலிருந்து நகரத்தின் நடுவுக்குப் போட்ட கணக்கு. பலாலி விமான நிலையம் யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறைப் பக்கமாக, பதினாறு பதினேழு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால்தான் இந்த வேறுபாடு. எனவே இணையத்தில் எந்தத் தூரத்தைப் பார்த்தாலும் அது ஊருக்கு ஊரா, ஓடுபாதைக்கு ஓடுபாதையா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரும் ஓடுபாதையும் தள்ளித் தள்ளி இருக்கும் சிறு விமான நிலையங்களில் இந்தக் கேள்விக்குப் பொருள் அதிகம்.

அதே காகிதத்தில் இன்னொன்றும் தெரிந்தது. திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே போட்ட கோட்டின் சரிபாதி, அநேகமாக அதிராம்பட்டினத்துக் கடற்கரையில் விழுகிறது. ஆக, பாதி வழி புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை வட்டாரத்து நிலம். மறுபாதி பாக் நீரிணை. வெளிநாட்டுப் பயணம் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட எங்களுக்கு, கடலுக்கு மேல் போகவேண்டியது தொண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்பது வேடிக்கையாக இருந்தது. அதைவிட வேடிக்கை, நாங்கள் தென்கிழக்கே இருக்கும் ஊருக்குப் போவதற்காக முதலில் ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போனது. திருச்சியிலிருந்து கிளம்பிய விமானம் எங்கள் மாவட்டத்து வயல்களின் மேலாகத்தான் திரும்பி வர வேண்டியிருந்தது. விமான நிலையம் நம் ஊருக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை யாரும் தூரக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது நேரம். ஒரு தளத்தில் 14 நிமிடம் என்று போட்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஜெட் விமான வேகத்தால் 184-ஐ வகுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். இன்னொரு தளம் அதனுடன் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்குமாக அரை மணி நேரத்தைக் கூட்டி 44 நிமிடம் என்றது. பயணச்சீட்டிலோ ஒரு மணி நேரம். மூன்றும் ஒரே வழியைப் பற்றிச் சொல்பவைதாம்.

இந்த வழியில் போவது ஜெட் விமானம் அல்ல. முன்னால் விசிறி சுழலும் ஏடிஆர் 72 வகை. யாழ்ப்பாண ஓடுபாதையின் இப்போதைய நிலைக்கு ஏற்றது அதுதான். எவ்வளவு விரட்டினாலும் அதன் பயண வேகம் மணிக்கு 510 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும். 25,000 அடிக்கு மேல் அது ஏறுவதில்லை. இவ்வளவு குறுகிய தூரத்துக்கு அந்த உயரத்தைத் தொட வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் 510 என்பதும் சமதளமாகப் பறக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் உரிய எண். ஏறும்போது வேகம் குறைவு. இறங்கி ஓடுபாதையை நெருங்கும்போதும் குறைவு. 184 கிலோமீட்டரில் பெரும்பகுதி ஏறுவதிலும் இறங்குவதிலும் கழிந்துவிடுகிறது. திருச்சியில் கும்பகோணம் பேருந்தில் ஏறியவர் புறவழிச் சாலையில் வண்டி ஓடும் வேகத்தை வைத்து ஊர் போய்ச் சேரும் நேரத்தைக் கணிப்பதில்லை அல்லவா, அதைப் போலத்தான்.

போகும்போது நான் கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டே போனேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “சன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையை எடுத்துவிட்டு விமானம் நகர்ந்தபோது, புறப்பாட்டு நேரம் கடந்து 8 நிமிடம் ஆகியிருந்தது. நிறுத்தியிருந்த இடத்திலிருந்து ஓடுபாதைக்குப் போய், முனையில் திரும்பி, எழும்புவதற்கு 9 நிமிடம். எழும்பியது முதல் பலாலி ஓடுபாதையில் சக்கரம் பதிந்தது வரை 39 நிமிடம். அங்கிருந்து நிறுத்தும் இடம் வரை 4 நிமிடம். மொத்தம் 52. எட்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

பயணச்சீட்டில் இருக்கும் நேரம் ஆகாயத்தில் பறக்கும் நேரம் அன்று. அது கட்டையை எடுப்பதிலிருந்து மறுமுனையில் கட்டையை வைப்பது வரையிலான நேரம். துறையில் இருப்பவர்கள் பிளாக் டைம் என்கிறார்கள். ஓடுபாதை முனையில் காத்திருக்க நேர்ந்தால், காற்று எதிர்த்தால், இறங்குவதற்கு வரிசையில் நிற்கச் சொன்னால் என்று சில நிமிடங்களைக் கூடுதலாக வைத்தே அந்த நேரத்தை எழுதுகிறார்கள். அதனால்தான் “விமானி வேகமாக ஓட்டிவிட்டார், பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்” என்று பலரும் மகிழ்ந்துபோகிறார்கள். விமானி வழக்கம்போலத்தான் ஓட்டியிருப்பார்.

காற்றின் பங்கை நான் முன்பு மதித்ததில்லை. விமானங்கள் முடிந்தவரை காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நாங்கள் போனது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆவணி மாதம்; எனவே விமானம் மேற்கு நோக்கி எழும்பி, அரைவட்டம் அடித்துத்தான் கிழக்கே திரும்பியது. பலாலி ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடக்கிறது. அங்கும் அதே காற்று என்பதால் கடல் பக்கமாகச் சுற்றிப் போய், வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கி இறங்கினோம். இரண்டு முனையிலும் சுற்றியதால் கூடிய தூரம் எந்த நேர்கோட்டுக் கணக்கிலும் வராது. ஆனால் அதே மேற்குக் காற்று நடுவழியில் பின்னாலிருந்து தள்ளிவிட்டும் இருக்கிறது; திரும்பி வரும்போது அது எதிரே வந்ததில், ஆகாயத்தில் இருந்த நேரம் 43 நிமிடமாகக் கூடியது. நான்கு நிமிடம் பெரிய விஷயமில்லை என்றாலும், போக ஒரு நேரமும் வர ஒரு நேரமும் பயணச்சீட்டில் ஏன் போடுகிறார்கள் என்று நீண்ட தூர விமானங்களில் குழம்பியிருந்த எனக்கு, கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஊரே அதை விளக்கிவிட்டது.

இப்போது நான் எந்தச் சிறு விமான நிலையத்துக்குப் போவதாக இருந்தாலும் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறேன். விசிறி விமானம் என்றால் 8 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்று போட்டு, அதனுடன் 35 நிமிடத்தைக் கூட்டிக்கொள்வேன். திருச்சி–யாழ்ப்பாணம் 23 கூட்டல் 35, ஐம்பத்தெட்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் அநேகமாக நேர் தெற்கே 354 கிலோமீட்டர். அதற்கு 79 வருகிறது, பயணச்சீட்டிலும் ஒன்றேகால் மணியை ஒட்டித்தான் இருக்கும். ஜெட் விமானம் என்றால் 13 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், கூடுதலாக 40 நிமிடம். மதுரையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 416 கிலோமீட்டர். ஜெட்டில் 72 நிமிடம், விசிறி விமானத்தில் 87 நிமிடம் என்று இந்தக் கணக்கு சொல்லும். இது என் சொந்தக் கைக்கணக்கு. ஐந்து பத்து நிமிடம் இப்படி அப்படி இருக்கும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்காகும் என்ற நினைப்பை அது போக்கிவிடும். சென்னை வழி திருச்சி வழியைவிட இரண்டு மடங்கு தூரம்; நேரத்திலோ கால் மணி, இருபது நிமிடந்தான் கூடுதல். ஆகவே, சென்னையில் வேலை பார்க்கும் நான் தனியாகப் போவதாக இருந்தால் திருச்சிக்கு வந்து விமானம் ஏறுவதில் எந்த லாபமும் இல்லை. அம்மாவுடன் போவதாக இருந்தால் மட்டுமே திருச்சி.

இத்தனை கணக்கும் அந்த 52 நிமிடத்தைப் பற்றித்தான். மீதி ஆறு மணிச் சொச்சம் எங்கே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து விமான நிலையத்துக்கு, வழியில் ஒரு தேநீரையும் சேர்த்து ஒன்றரை மணி. வெளிநாட்டு விமானம் என்பதால் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். இறங்கியதிலிருந்து குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வர முக்கால் மணி. அங்கிருந்து பணம் மாற்றி, ஓட்டோ பிடித்து, நகரத்துக்குள் ஒழுங்கையைத் தேடிக் கண்டுபிடித்து வீடு சேர ஒரு மணி. இவற்றில் எதையும் சுருக்கலாமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சுருக்க முடிந்தது சிறிது. சுருக்கக் கூடாதது பெரிது.

அந்த மூன்று மணி நேரம் சுருக்கக் கூடாதது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விமானங்கள் போகின்றன. நம் விமானத்துக்கு எழுபத்துச் சொச்சம் பேர்தான் என்றாலும், அதே வேளையில் ஒரு பெரிய விமானம் கிளம்புவதாக இருந்தால் குடியகல்வு வரிசையில் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால்தான் நாமும் நிற்போம். 2024 ஜூனில் இயங்கத் தொடங்கிய புதிய முனையம் விசாலமாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வரிசையின் நீளத்தை முடிவு செய்வது கட்டடத்தின் அகலம் மட்டுமல்ல. உள்ளே போவதற்கு முன் அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். புளிசாதம், மேலே இரண்டு மோர்மிளகாய், பக்கத்துச் சின்னக் கிண்ணத்தில் தயிர்சாதம். தயிர்சாதத்தை உள்ளே கொண்டுபோக விடுவார்களோ மாட்டார்களோ என்று எனக்கு ஐயம்; “சோதனைக்காரன் பார்ப்பதற்கு முன் நாமே தீர்த்துவிடுவோம்” என்பது அம்மாவின் தீர்ப்பு. ஊறுகாயை மட்டும் பெரிய பெட்டிக்குள், மூன்று நெகிழிப் பைகளில் சுற்றி வைத்திருந்தோம். கைப்பையில் எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் போகாது.

சுருக்க முடிந்தது பலாலியில். ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம், முன்பக்கம் சரக்குக்கானது. பெரிய விமானங்களில் போய்ப் பழகியவர்கள் சீக்கிரம் இறங்கலாம் என்று முன்வரிசையைக் காசு கொடுத்துப் பிடிக்கிறார்கள். அவர்கள்தாம் கடைசியில் இறங்குகிறார்கள். நானும் முதல் முறை மூன்றாம் வரிசையை வாங்கிவிட்டு, குடிவரவு வரிசையின் வாலில் நின்றேன். இரண்டாம் முறை கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் மிச்சம். நுழைவு அனுமதியை இணையத்தில் முன்பே எடுத்து, அதைக் காகிதத்திலும் அச்செடுத்து, தங்கப் போகும் வீட்டின் முகவரியையும் அதன் பின்புறமே எழுதி வைத்துக்கொண்டதில் இன்னும் ஐந்து நிமிடம் மிஞ்சியிருக்கலாம். இறக்கை மேலே இருக்கும் விமானம் என்பதால் சன்னலோரம் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் கீழே தெரியும் என்பது கூடுதல் லாபம். போகும்போது இடப்பக்கம் அமர்ந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் கரும்பச்சையும், வானம் தெளிவாக இருந்தால் கோடியக்கரை முனையும் தென்படும். அதைப் பார்த்து முடித்துத் திரும்புவதற்குள் கீழே கடலின் நிறம் மாறி, பனைகள் வரத் தொடங்கிவிடுகின்றன.

ஒன்று மட்டும் இந்த வழியில் எளிது: கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் இலங்கையின் நேரம் நம்முடையதைவிட முன்னால் ஓடியது; 2006 ஏப்ரலில் மீண்டும் நம்மோடு ஒன்றாயிற்று. எனவே பயணச்சீட்டில் புறப்பாட்டு நேரத்தை வருகை நேரத்திலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் பயண நேரம். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ இப்படிக் கழித்துவிட்டு ஏமாந்தவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள்.

நண்பரின் அம்மா எங்களை வரவேற்றுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு முதலில் கேட்டது நேரத்தைப் பற்றித்தான். “எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?” என்றார். காலை எட்டே முக்காலுக்கு என்றேன். சுவர்க் கடிகாரத்தில் நான்கு மணி. “அப்ப, நாங்கள் கொழும்புக்குப் போற நேரந்தான்” என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீட்டர், பேருந்தில் ஏழெட்டு மணி நேரம். அவர் கேலி செய்யவில்லை; தூரத்தை அவர்கள் வீட்டில் அப்படித்தான் அளக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. திருச்சியிலிருந்து நேர் விமானம் 2025 மார்ச் 30 அன்று தொடங்குவதற்கு முன், தஞ்சைப் பக்கத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கொழும்புக்கு விமானத்தில் போய், அங்கிருந்து இரவுப் பேருந்தில் ஏறி மறுநாள் விடியற்காலையில் வந்து இறங்குவார்களாம். இல்லையென்றால் சென்னைக்குப் போய்ப் பலாலி விமானத்தைப் பிடிப்பார்களாம். சென்னை–பலாலி சேவை 2019 நவம்பரில் தொடங்கி, பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. அவற்றோடு ஒப்பிட்டால் எங்களுடைய ஏழேகால் மணி நேரம் ஆடம்பரம்.

அந்தக் காலத்தில் இது எளிதாக இருந்தது என்று வீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் நினைவுகூர்ந்தார். ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே, 1947 டிசம்பர் 10 அன்று, கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது. டகோட்டா வகை விமானம். சீதாதேவி என்று பெயர். இராவணன் தூக்கிப் போன வழியில் சீதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று பெரியவர் சொல்லிச் சிரித்தார்.

கப்பலைப் பற்றியும் கேட்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழி 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர் அளவு. நான்கு மணி நேரம் ஆகும். 2023 அக்டோபரில் தொடங்கியது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் வந்தது. வாசலிலிருந்து வாசல் வரை எண்ணினால், தஞ்சாவூர்க்காரருக்குக் கப்பலும் விமானமும் நேரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உடையவை அல்ல. ஆனால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலை நம்ப முடியாது. அம்மாவுக்கோ படகு அசைந்தாலே தலை சுற்றும்.

ஐப்பசிப் பயணத்தில்தான் நான் இடறியது. திருமணம் ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை காலையில் சென்னையில் அலுவலகம். யாழ்ப்பாணத்திலிருந்து நேராகச் சென்னைக்கு அன்று இடம் கிடைக்கவில்லை. திருச்சிக்கு வந்து, இரண்டரை மணி நேரம் கழித்துக் கிளம்பும் சென்னை விமானத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று இரண்டு தனித்தனிப் பயணச்சீட்டுகளை எடுத்தேன். ஒரு மணி நேரப் பயணத்துக்கு இரண்டரை மணி இடைவெளி தாராளம் என்று நினைத்தேன். தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் அதற்குள் மறுபடியும் வந்துவிட்டிருந்தது.

பலாலியில் காத்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நாம் ஏறப்போகும் விமானம் அங்கே நின்றுகொண்டிருப்பதில்லை. திருச்சியிலிருந்து வந்த அதே விமானந்தான் சிறிது நேரம் நின்று திரும்பிப் போகிறது. அன்று திருச்சியில் இடியுடன் மழை. அங்கேயே கிளம்பத் தாமதம், எனவே இங்கே வந்து சேரவும் தாமதம், எனவே நாங்கள் கிளம்பும்போது ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. திருச்சிக்கு மேல் வந்த பிறகு கருமேகம் விலகும்வரை இருபது நிமிடம் வட்டமடித்தோம். சன்னலில் ஒரே ஏரி மூன்று முறை வந்து போனது. மொத்தத்தில் 80 நிமிடத் தாமதம். இரண்டரை மணி என்று நான் நினைத்திருந்தது உண்மையில் ஒன்றரை மணிதான், ஏனென்றால் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பெட்டி வாங்கும் இடம் மூடிவிடும். தொண்ணூறு நிமிடத்தில் எண்பது போக மிஞ்சியது பத்து. குடிவரவு வரிசையில் மட்டும் முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். பெட்டியை இழுத்துக்கொண்டு உள்நாட்டுப் பகுதிக்கு ஓடியபோது கவுன்ட்டரில் ஆள் இல்லை. என் பெட்டியின் சக்கரம் ஒன்று அந்த ஓட்டத்தில் கழன்று எங்கோ உருண்டுபோயிற்று; அதைத் தேடும் மனநிலை இல்லை. இரண்டும் தனித்தனிச் சீட்டுகள் என்பதால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது விமானம் பொறுப்பாகாது. பணம் போனது போனதுதான். இரவுப் பேருந்தில் ஏறி, விடியும்போது தாம்பரத்தில் இறங்கினேன்.

யார் மேலும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. மழைக்காலத்தில் சிறு விமான நிலையங்களுக்கு இடையே போகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை. நாளுக்கு ஒரே முறை போய்வரும் விமானம் என்றால் அது அதற்கு முன் எங்கிருந்து வருகிறது, கிளம்பிவிட்டதா என்று விமான எண்ணைத் தட்டிப் பார்க்க வேண்டும்; நம் புறப்பாட்டு நேரத்தைவிட அது கிளம்பிய நேரமே நம்பகமானது. மேற்கொண்டு போக வேண்டிய பயணம் தனிச் சீட்டாக இருந்தால், வெளிநாட்டிலிருந்து இறங்கியபின் கோடையில் நான்கு மணி நேரம் விடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் அன்றைக்கு வேறு விமானமே வைத்துக்கொள்வதில்லை, ரயிலோ பேருந்தோதான். தாமதமானால் ஒரு பேருந்து போய் அடுத்தது வரும்.

மறுபடியும் நல்லூருக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, விமானம் இப்போதும் ஒரு மணி நேரந்தானா என்று கேட்பார் என எதிர்பார்த்து, கைக்கணக்கும் காற்றின் திசையும் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. “காலைப் பலகாரம் வீட்டிலே, மத்தியானம் ஏர்போர்ட் வாசலிலே, ராத்திரி அவர்கள் வீட்டுப் பிட்டு. அப்படித்தானே?” என்றார். அப்படித்தான் என்றேன். “அப்படியானால் ஒரு டப்பா போதும்” என்று சொல்லிவிட்டு, இந்த முறை தயிர்சாதம் வேண்டாம் என்று முடிவு செய்தார்.